கிளாஷாவுக்காக இரங்காதீர்கள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது நானாக யோசித்துப் பிடித்த கதை இல்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, அதனால் ஒரு பேனாவைப் பிடித்துக்கொண்டேன். பேனாவைப் பிடித்தபின் எதையாவது எழுதத்தானே வேண்டும்.

சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் உஸ்தீன்யாவின் வீடு. அதற்கு அப்பால் படகுத்துறை, அதற்கும் அப்பால் வெள்ளைக் கடல் (பெயர்தான் அப்படி). ஓத நேரம், கடல் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறி முடிப்பதற்குள் மாவட்டத்திலிருந்து குழந்தைகள் நல அதிகாரி படகில் வந்து இறங்குவார். உஸ்தீன்யாவின் மகள் கிளாஷாவைக் கூட்டிக்கொண்டு போய் அரசு அனாதை விடுதியில் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்றைக்கு முடிவு செய்வார். கிளாஷாவுக்கு ஏழு வயது. கதை இவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் பயத்தில் பேசுகிற பேச்சு.

ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். (எழுதினேன். அடித்துவிட்டேன். நாடு முழுக்கத் திரையில் பார்த்துவிட்ட ஊருக்கு இனி என்ன ரகசியம் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் எழுதமாட்டேன்.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘சாம்பல் நிறக் கடலைப் பார்த்தபடி ஒரு சிறுமி தனியாக நின்றுகொண்டிருந்தாள்.’

சீ. இது மாஸ்கோவிலிருந்து வந்த இயக்குநர் ரோதியோன் எங்கள் ஊரில் எடுத்த படத்தின் முதல் காட்சி. ஒருவன் படம் எடுத்துவிட்டுப் போனால் அதன் பிறகு நம் கண்ணும் அவன் கேமராவாகிவிடுகிறது. இந்த வரியை வேண்டுமென்றே அடிக்காமல் விட்டிருக்கிறேன், அவன் எங்களை என்ன செய்துவிட்டுப் போனான் என்று உங்களுக்குத் தெரியட்டும்.

எங்கள் வடக்கைப் பற்றி இப்போது நிறையப் படம் எடுக்கிறார்கள். எல்லாவற்றிலும் நவம்பர்தான். எங்களுக்கு ஜூன் என்று ஒரு மாதமே கிடையாது போல. ஒரு குடிகாரன், ஓட்டைப் படகு, வாய் திறக்காத ஒரு குழந்தை. யாராவது ஒருவன் பனியில் நடந்துகொண்டே இருப்பான், கேமரா அவன் பின்னாலேயே போகும். ஊர் மன்றத்தில் இப்படி ஒன்றைப் போட்டால், ‘எங்கப்பா போறான் இவன், வீடு அந்தப் பக்கம்ல இருக்கு?’ என்று ஜனங்கள் கத்துவார்கள். மன்றத்தில் படம் போடுவது நான், முடிந்தபின் தரையைக் கூட்டுவதும் நான். என் பெயர் தைஸியா.

படங்கள் பொய் சொல்கின்றன என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவ நிலையத்தை மூடியது உண்மை. காற்று பிடித்தால் வாரக்கணக்கில் விமானம் வராது, அதுவும் உண்மை. குடித்துச் செத்தவர்களை நாங்களே குழி தோண்டிப் புதைத்திருக்கிறோம். படத்தில் வருகிற ஒவ்வொன்றும் இந்தக் கரையில் எங்கோ நடந்ததுதான். ஆனால் பல வருஷமாகப் பல வீடுகளில் நடந்ததை அள்ளிக்கொண்டு வந்து ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், ஒரே குழந்தையின் தலையில் கொட்டினால் அதற்கு என்ன பெயர்? ரோதியோனிடமே கேட்டேன். ‘அடர்த்தி’ என்றான்.

உஸ்தீன்யாவின் வேலி நீல நிறமாக இருந்தது. புதிதாக அடித்த நீலம். அது கண்ணை உறுத்துகிறது என்று படக்குழுவினர் சாம்பல் பூசினார்கள். போகும்போது பழையபடி நீலம் அடித்துத் தருகிறோம் என்றார்கள். இதோ பார்க்கிறேன், வேலி இன்னும் சாம்பல்தான். வரப்போகிற அதிகாரியின் கண்ணில் முதலில் படப்போவதும் அதுதான்.

3

ரோதியோன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எழுத எவ்வளவு வசதி! மாஸ்கோக்காரன், சளி பிடித்த மூக்கு, யாரைக் கண்டாலும் கட்டிக்கொள்வான். கிளாஷாவுக்குச் சிவப்பு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தான். உள்ளூர் ஆட்களையே நடிக்க வைத்தான். அம்மா வேடத்துக்கு உஸ்தீன்யா, மகள் வேடத்துக்கு மகள். புருஷன் மீன்பிடிக் கப்பலில் மாதக்கணக்கில் கடலில் கிடக்கிறவன், இவள் வீட்டில் சும்மா இருக்கிறவள், சரி என்றாள்.

படத்தில் வருகிறவர்களுக்குப் பெயர் வைத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மன்றத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

“அந்தப் பொம்பளைக்கு என்ன பேரு வெக்கலாம்?” என்று கேட்டான் ரோதியோன்.

உஸ்தீன்யா கொஞ்சம் யோசித்தாள். “அவ குடிச்சிட்டுக் கெடக்குறவ. புள்ள கடல் பனிமேல நடந்து போறதுகூடத் தெரியாமக் கெடக்குறவ. அவதான?”

“அவளேதான்.”

“அப்ப என் பேரையே வெச்சிருங்க.”

“ஏன்?”

“வேற எந்தப் பேர வெச்சாலும் அந்தப் பேருல இங்க ஒருத்தி இருக்காளே. ஃபியோக்லான்னா பக்கத்து வீட்டுக்காரி. மார்ஃபான்னா கடைக்காரி. அவங்க என்ன பாவம் பண்ணாங்க? நடிக்கிறது நானு. பழி விழுந்தா என் பேர்லயே விழட்டும். புள்ளைக்கும் அப்படியே, கிளாஷான்னே இருக்கட்டும்.”

ரோதியோனுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தீங்களா தைஸியா, இதத்தான் நான் தேடி வந்தேன்! இந்த உண்மையத்தான்!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

வேறு எந்த ஊர்க்காரியும் இப்படி ஒரு காரியம் செய்திருக்கமாட்டாள். எங்கள் கரையில் ஒரு கெட்ட சேதியை அடுத்தவர் பெயரில் சொல்லக்கூடாது, விளையாட்டுக்குக்கூட. சொன்னால் அது அந்த வீட்டு வாசலில் போய் நிற்கும் என்பார்கள். அன்றைக்கு மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் ‘அதானே’ என்று தலையாட்டினோம். யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

4

உஸ்தீன்யாவை எழுத முடியவில்லை. காலையிலிருந்து முட்டி மோதிக்கொண்டிருக்கிறேன்.

‘அவள் குடிக்கவே மாட்டாள்.’ இப்படி எழுதினால் நம்பமாட்டீர்கள்.

‘பண்டிகைக்கு மட்டும் குடிப்பாள்.’ இதில் ‘குடிப்பாள்’ மட்டும்தான் அதிகாரியின் கோப்பில் ஏறும்.

‘புருஷன் கப்பலில் இருந்தபோது, போன குளிர்காலத்தில் ஒரு நாள் அவள்’

(இது இங்கேயே நிற்கட்டும்.)

சரி, நல்ல விதமாக ஒன்று எழுதுவோம் என்று பார்த்தேன். தினமும் காலையில் வாசலில் உட்கார வைத்து மகளுக்குப் பின்னல் போடுவாள். இறுக்கி இழுத்துப் பின்னுவாள். கிளாஷா ‘ஐயோ’ என்று அலறுவாள். “கத்துடி, நல்லாக் கத்து, உங்கப்பனுக்குக் கடல்ல கேக்கட்டும்” என்பாள் உஸ்தீன்யா. ரெண்டு பேரும் சிரிப்பார்கள். எழுதி முடித்துவிட்டு அதிகாரியின் கண்ணால் ஒரு முறை படித்துப் பார்த்தேன். ‘குழந்தை தினமும் அலறும் சத்தம் கேட்பதாக எதிர்வீட்டுப் பெண் தெரிவித்தார்.’ தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

அன்பைக்கூடப் பயந்து பயந்து எழுத வேண்டியிருக்கிறது. எழுதுகிறவர்கள் யாரிடமாவது இப்படி ஒரு கஷ்டத்தைக் கேட்டிருக்கிறீர்களா?

5

படம் பரிசு வாங்கியது. பிறகு தொலைக்காட்சியில் வந்தது. கடைசிக் காட்சியில் கிளாஷா கடல் பனியின்மேல் தன் பாட்டுக்கு நடந்து போவாள், சின்னப் புள்ளியாகி மறைவாள். அந்தக் காட்சி எடுக்கும்போது அவள் வாயில் மிட்டாய் இருந்தது. அது திரையில் தெரியவில்லை.

நாடே அழுதது. அழுதவர்கள் அதோடு விட்டிருக்கலாம். பெயர் போடும் இடத்தில் ‘உஸ்தீன்யா: உஸ்தீன்யா, கிளாஷா: கிளாஷா’ என்று போட்டிருந்ததைப் பார்த்தார்கள். ‘கிளாஷாவைக் காப்பாற்றுங்கள்’ என்று கைபேசியில் கையெழுத்து வேட்டை தொடங்கினார்கள், அது மாவட்டத்துக்குப் போய் அங்கே ஒரு கோப்பாயிற்று. பொம்மைப் பொட்டலங்கள் வந்தன. ஒரு பெண்மணி தன் வீட்டு அறை ஒன்றைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். மஞ்சள் திரைச்சீலை, புதுக் கட்டில், கட்டில்மேல் முயல் பொம்மை. ‘அவளுக்காக எல்லாம் தயாராக இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் உஸ்தீன்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

அந்தப் பெண்மணி நல்லவர். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள். நீங்களும் நல்லவர்தான், முகத்தைப் பார்க்காமலே சொல்கிறேன். எனக்குப் பயமே அதனால்தான். கெட்டவன் வந்தால் ஊரே திரண்டு கல்லை எடுக்கலாம். இரக்கப்பட்டு வருகிறவரை எதைக் கொண்டு தடுப்பது? இதைப் படித்துவிட்டுத் தயவுசெய்து யாருக்கும் எதுவும் எழுதிப் போடாதீர்கள். கிளாஷாவுக்காக இரங்காதீர்கள். அவளுக்கு அம்மா இருக்கிறாள்.

ரோதியோனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“தைஸியா, அது கலை. கலையப் போய் எவனாவது சாட்சியா எடுப்பானா?”

“எடுத்துட்டாங்களே.”

“எல்லாம் கற்பனைதான்னு நான் எழுதிக் குடுத்துர்றேன்.”

“பேட்டியில ‘ஒரு காட்சிகூடக் கற்பனை இல்ல’ன்னு சொன்னது யாரு? எங்க மாமாவா?”

“அது... பேட்டின்னா அப்படித்தான் சொல்றது” என்றான். பிறகு மூக்கை உறிஞ்சினான். அழுதானா, சளியா, தெரியவில்லை.

6

வேறு மாதிரி ஆரம்பித்துப் பார்க்கலாம். ‘ஜூன் மாதத்தின் நீண்ட பகலில், நீல வேலி போட்ட ஒரு வீட்டில் மீன் அப்பம் வெந்துகொண்டி

7

உஸ்தீன்யா ஓடி வந்தாள். அதனால்தான் மேலே அப்படி அறுந்து நிற்கிறது.

அவள் காலையிலேயே அடுப்பில் மீன் அப்பம் வைத்துவிட்டாள், அதிகாரிக்காக. தரையைத் துடைத்து, கிளாஷாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, எல்லாம் தயார். அந்தம்மா உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தால் இது எப்படிப்பட்ட வீடு என்று புரியும் என்று நினைத்திருந்தாள். இப்போது தலைத்துணிகூட இல்லாமல் என் முன்னால் நின்றாள்.

“அக்கா, கேக்குதா?”

கேட்டது. படகு எஞ்சின் சத்தம், இன்னும் தூரத்தில்.

“என்னால முடியாதுக்கா.”

“பைத்தியமாடீ உனக்கு? அப்பம் வெச்சிருக்க, வீட்டக் கண்ணாடி மாதிரி வெச்சிருக்க. போயி வாசல்ல நில்லு.”

“இப்பத்தான் கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்தேன். படத்துல இருக்கிறவ மாதிரியே இருக்கேன். அப்படியே. அந்தம்மா என்னப் பாத்த உடனே ‘இவதான்’னு சொல்லிரும்க்கா.” “கம்பச் சாத்திரு. நாங்க உள்ளயே இருந்துக்கிறோம்.”

எங்கள் ஊர்க் கதவுகளுக்குப் பூட்டு கிடையாது. வீட்டில் ஆள் இல்லையென்றால் வெளியிலிருந்து ஒரு கம்பைக் கதவில் சாய்த்து வைப்போம், அவ்வளவுதான். கம்பு சாய்ந்திருந்தால் அந்த வீட்டுக்குள் யாரும் காலெடுத்து வைக்கமாட்டார்கள். உள்ளே வானொலி பாடினாலும் போகமாட்டார்கள். வீட்டுக்குள் ஆளை வைத்துக்கொண்டு கம்பைச் சாய்த்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்படிச் செய்தால் அப்புறம் எந்தக் கம்பை யார் நம்புவார்கள்?

அவள் வீட்டுக்குள் போனதும் சாய்த்துவிட்டேன். வாசலில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஓடி வந்து சன்னலில் உட்கார்ந்து மூச்சு விட்டபின்தான் நிமிர்ந்து பார்த்தேன். புகைபோக்கியிலிருந்து நன்றாக, கெட்டியாக, புகை போய்க்கொண்டிருக்கிறது. அடக் கடவுளே, அப்பம்!

8

அதிகாரியின் பெயர் நோன்னா விக்தரோவ்னா. கையில் கோப்பு, காலில் நகரத்துச் செருப்பு. கூட வருவது படகோட்டி யெரெமேய். படத்தில் பெரிய குடிகாரனாக வந்தது இவன்தான். நிஜத்தில் வயிற்றுப்புண், ஒரு சொட்டுத் தொடமாட்டான். தெரு குறுகலானது, சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறேன், எல்லாம் கேட்கிறது. கேட்கக் கேட்க எழுதுகிறேன்.

“ஆள் இல்லையா?”

“கம்பு இருக்கேம்மா.”

“புகையும் இருக்கே.”

“புகை இருக்கும். நேத்துக்கூடக் குளிருச்சே. ஆனா கம்பு இருந்துச்சுன்னா ஆள் இல்லைன்னு அர்த்தம்.”

“ஆள் இல்லாமயே அடுப்பு எரியுதா?”

“எங்க ஊரு அடுப்பு எரியும்” என்றான் யெரெமேய், கொஞ்சமும் சிரிக்காமல். கம்பு சொன்னதை அவன் நம்பிவிட்டான். அதுதான் எனக்கு அவமானமாக இருக்கிறது.

நோன்னா விக்தரோவ்னா கதவை நோக்கிக் கையை நீட்டினார். கை பாதி வழியில் நின்றது. ஒரு படி பின்னால் இறங்கினார். எங்கள் கரையில் பிறந்தவர்கள்தான் கம்பைப் பார்த்தால் அப்படி இறங்குவார்கள். அல்லது படி வழுக்கியிருக்கலாம், நகரத்துச் செருப்புதானே. இந்த ஒரு படியை எப்படி வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“ஏதோ கருகுற வாசனை வருதே.”

“எனக்கு மூக்கடைப்பும்மா.”

கருகுகிறது. என் சன்னல்வரை வந்துவிட்டது. உஸ்தீன்யாவின் அடுப்புக் கதவு பழைய இரும்பு, திறந்தால் தெருவுக்கே கேட்கும். அதனால் திறக்க முடியாமல் உள்ளே நின்றுகொண்டிருக்கிறாள். கிளாஷாவின் வாயைப் பொத்தியிருப்பாளா? (இல்லை, இதையும் எழுதக்கூடாது. ‘குழந்தையின் வாயைப் பொத்தி’ என்றால் என்ன ஆகும்!)

“சரி, நான் காத்திருக்கேன்” என்றார் நோன்னா விக்தரோவ்னா. கோப்பை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில், கதவுக்கு முதுகைக் காட்டி, உட்கார்ந்துவிட்டார்.

“கடல் வத்த ஆரம்பிச்சிருச்சும்மா. அப்புறம் படகு சேத்துல உக்காந்துரும், அடுத்த ஏத்தம் வரைக்கும் இங்கயேதான் கெடக்கணும்.”

“கெடந்துக்கிறேன். நீங்க போயி படகப் பாருங்க.”

9

உட்கார்ந்தே இருக்கிறார். நான் அதற்குள் முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன். சும்மா இருந்தால் செத்துவிடுவேன்.

ரோதியோனின் முடிவு: அதிகாரி கதவைத் திறக்கிறார். வீடு காலி. பின்சன்னல் திறந்து கிடக்கிறது. அதன் வழியே கடல். ரொம்ப நேரம் கடல். யாரும் எதுவும் பேசுவதில்லை. பரிசு.

தொலைக்காட்சி முடிவு: புருஷன் கப்பலிலிருந்து வந்து இறங்குகிறான். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பாட்டு.

எங்கள் ஊர்க்காரர்கள் விரும்பக்கூடிய முடிவு: படகு சேற்றில் மாட்டிக்கொள்கிறது. பசியெடுத்த அதிகாரி கருகிய அப்பத்தையே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார், ‘மேல்பக்கம்தான் கருகிருக்கு, உள்ள நல்லாருக்கு’ என்கிறார், கோப்பை மூடிவிடுகிறார். இதை எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. நடக்காது என்று தெரிந்தால் அப்படித்தான் வரும்.

மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றிலும் கதவுக்கு வெளியில் இருப்பவர்தான் முடிவு செய்கிறார். உள்ளே இருக்கிற ரெண்டு பேரைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? அவர்களை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கம்பைச் சாய்த்துவிட்டு வந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

10

எழுந்துவிட்டார்.

கதவைத் திறக்கத்தான் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கதவைத் திறக்கவில்லை. திரும்பித் தெருவின் இந்தப் பக்கம் பார்த்தார். வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்து என் சன்னலில் நின்றார். பேனாவும் கையுமாக நான். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டியது அவர் வேலை. இதோ தெருவைக் கடக்கிறார்.

என் கதவில் கம்பு இல்லை.

மேசை முழுக்க இந்தத் தாள்கள். போன குளிர்காலத்து அரை வாக்கியம் இருக்கிறது. பின்னல், அலறல் எல்லாம் இருக்கிறது. உள்ளே ஆள் இருக்கிறது, கம்பைச் சாய்த்தது நான் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. என் அடுப்பும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. எழுந்து ரெண்டு எட்டு வைத்துத் தூக்கிப் போட்டால் முடிந்தது. போட்டுவிடுவேன். இந்த வரியை முடித்துவிட்டுப் போட்டுவிடுவேன். ஏன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்? காலடி படியில் கேட்கிறது.

இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. ஆனால் உங்களுக்கு ஒன்று தெரியும், எனக்குத் தெரியாத ஒன்று: இந்தத் தாள்கள் எரியவில்லை. எரிந்திருந்தால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. ஆக, என் கை அடுப்பை எட்டுமுன் தாள்கள் அவர் கோப்புக்குள் போயின, அல்லது அவர் போகிறவரை என் மடியிலேயே இருந்தன. இரண்டில் எது என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தின் மூலையைப் பாருங்கள். வட்ட முத்திரை, கோப்பு எண், ‘சாட்சியாக இணைக்கப்பட்டது’ என்று ஏதாவது இருக்கிறதா?

இல்லையென்றால், கிளாஷா எதிர்வீட்டில் இருக்கிறாள்.

முத்திரை இருந்தால், நீங்கள் நல்லவர்தானே, அவளை எங்கே கொண்டுபோனார்கள் என்று அவள் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.